சாய்ந்த கம்பித் தரையில் இரண்டு வருடம்: பல்லடம் பக்கத்து வளர்ப்பு முயல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வந்த நிலை

சித்திரை மூன்றாவது வாரம், முற்பகல் பதினொன்றரை மணி இருக்கும். பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்திலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து இறங்கினார்கள். ஓட்டி வந்தவர் பெரியவர். பின்னால் பதினோரு வயதுப் பேத்தி. முன்னால் சாமான் வைக்கும் இடத்தில், இஞ்சின் சூடு நேராக அடிக்கிற மாதிரி, ஒரு கட்டைப்பை. பைக்குள் முயல்.

என்னிடம் வருகிறவை பெரும்பாலும் மாடு, ஆடு, நாய். முயல் மாதத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். வந்தாலும் கடைசி நேரத்தில்தான் வரும். இரையாகிற பிராணி வலியை வெளியே காட்டாது. காட்டினால் கழுகுக்கோ நரிக்கோ அது அழைப்பு. அதனால் ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு’ என்று யார் சொன்னாலும் நான் பாதிதான் நம்புவேன்.

“ரெண்டு நாளா ஒண்ணுமே தின்னலீங்க. அதுக்கு முந்தி ஒரு மாசமா பேதி வேற. மருந்துக்கடையில இதக் குடுத்தாங்க, ஊத்தலாமுங்களா?” என்று பெரியவர் ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தார். குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப். மூடி திறக்கவில்லை. டாக்டரைக் கேட்காமல் ஊற்றக் கூடாது என்று பேத்தி அழுது தடுத்திருக்கிறாள். அந்த அழுகை இல்லாவிட்டால் இந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முயலின் குருட்டுக்குடல், அதாவது சீக்கம், வயிற்றில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு நொதிப்புப் பானை. அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லைச் சோறாக்குகின்றன. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல கூட்டம் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியா பெருகி, அதன் நஞ்சில் முயல் சில நாட்களில் செத்துப்போகும். குழந்தைக்கு ஆகும் மருந்து முயலுக்கு ஆகாது. பாட்டிலை அவர்கள் கையிலேயே கொடுத்து, வாங்கின இடத்திலேயே திருப்பித் தரச் சொன்னேன்.

முயலின் பெயர் சின்னான். ஆண் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே மாட்டுக்கு இருப்பது போல நல்ல அலைதாடி தொங்கியதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. திருப்பிப் பார்த்தால் பெண். வயது ஏறத்தாழ இரண்டரை. பெயரை மாற்ற வேண்டுமா என்று அந்தக் குழந்தை கேட்டாள். வேண்டாம் கண்ணு, அதுக்கு அது பழகிப்போச்சு என்றேன்.

பரிசோதனையில் கண்டவை

எடை 1.82 கிலோ. முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. உடல் வெப்பம் 40.6 டிகிரி. முயலுக்கு 38.5 முதல் 40 வரை இயல்பு. வெயிலில், பைக்குள், இஞ்சின் சூட்டில் வந்த பிராணி என்பதால் உடனே காய்ச்சல் என்று எழுதவில்லை. முயலுக்கு வியர்க்காது, நாயைப் போல நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சுவாங்கிச் சூட்டைத் தணிக்கவும் அதனால் முடியாது. காதில் ஓடும் ரத்தம்தான் அதன் விசிறி. காதுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தோம். ஐஸ் தண்ணீர் கூடாது, அதிர்ச்சியில் போய்விடும். அரை மணி நேரத்தில் 39.7க்கு இறங்கியது.

வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டேன். சத்தமே இல்லை. இரைப்பை பிசைந்த மாவு போல இருந்தது. இறுகிய பந்து போலவோ தட்டினால் டமாரம் போலவோ இருந்தால் அடைப்பை நினைக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் சிறு கருவியில் ஒரு சொட்டு ரத்தம் வைத்ததில் 174 காட்டியது. பயத்தில் முயலுக்கு இவ்வளவு ஏறும். 360ஐத் தாண்டினால்தான் குடல் அடைப்பு பற்றி வெசனப்பட வேண்டும். எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. இரைப்பையில் உலர்ந்த தீனி, அதைச் சுற்றி மெல்லிய காற்று வளையம். குடல் அசைவு நின்றுபோன நிலை. முயல் வாந்தி எடுக்க முடியாத பிராணி. உள்ளே போனது முன்னால்தான் போயாக வேண்டும். பட்டினி நீடித்தால் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை எடுக்கும். அரை நாள் தின்னாத முயலே அவசரக் கேஸ். இது இரண்டு நாள்.

வாலுக்குக் கீழே கறுப்பாக, பிசுபிசுவென்று, திராட்சைக்கொத்தை நசுக்கினது போல ஒட்டியிருந்தது. வீட்டில் ‘பேதி’ என்று சொன்னது இதைத்தான். இது பேதி இல்லை. முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். ஒன்று நாம் பார்க்கிற காய்ந்த உருண்டை. இன்னொன்று சீக்கத்திலிருந்து வரும் மென்புழுக்கை. ஓய்வாக இருக்கும்போது குனிந்து அதை நேராக வாயில் எடுத்து விழுங்கிவிடும். புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான். ஆடும் மாடும் அசைபோட்டுச் சாதிப்பதை முயல் இப்படி இரண்டாம் தரம் தின்று சாதிக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மென்புழுக்கை ஏன் வந்தது என்பதல்ல. ஒரு மாதமாக அதைக் குனிந்து எடுக்க ஏன் முடியவில்லை என்பதுதான்.

அதற்குப் பாதிப் பதில் காலில் இருந்தது. நாய்க்கும் பூனைக்கும் உள்ள பாத மெத்தை முயலுக்குக் கிடையாது, அடர்ந்த முடிதான் செருப்பு. சின்னானின் இரண்டு பின்னங்கால்களிலும் குதிகால் பக்கம் முடி உதிர்ந்து சிவந்திருந்தது. இடது காலில் மட்டும் புண் ஆழமாகி, பொருக்குக் கட்டி, மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசியிருந்தார்கள். முயல் எதைப் பூசினாலும் நக்கிவிடும், அதனால் துடைத்தெடுத்தேன். இடது ஏன் வலதைவிட அவ்வளவு மோசம் என்பது அன்றைக்குப் புரியவில்லை. கேஸ் தாளில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

நான் தவறவிட்டது

முன்பற்களைத் திறந்து பார்த்தேன். நேராக, சரியான அளவில் இருந்தன. அத்தோடு விட்டுவிட்டேன். மோவாய் முடி நனைந்திருந்தது. தண்ணீர் குடித்த ஈரம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாளாகத் தண்ணீரே குடிக்காத பிராணிக்கு அந்த ஈரம் எங்கிருந்து வரும் என்று யோசித்திருக்க வேண்டும்.

அன்று கொடுத்த சிகிச்சை வழக்கமானதுதான். தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புநீர் 60 மில்லி, பொழுதோட இன்னொரு 60. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லி வரை முயலுக்கு நீர் வேண்டும். உடலில் நீர் ஏறிய பிறகு வலிக்கு மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.5 மி.கி. குடல் அசைவுக்கு மெட்டோகுளோப்ரமைடு. வயிற்றை மெதுவாக நீவிவிடல். ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ். அந்தக் கூழுக்கு வெளிநாட்டுப் பொடி எதுவும் கையில் இல்லை. முயல் பெல்லட்டை, அதாவது கடைத் தீவனக் குச்சியை, வெந்நீரில் ஊறவைத்து, காய்ந்த புல்லை மிக்சியில் அடித்துச் சலித்துச் சேர்த்தோம். கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இரவு தங்கவைக்க என்னிடம் இடமில்லை. கூண்டில் விடாமல் வீட்டுக்குள் தரையில், சாக்கு விரித்து வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை வந்தபோது கூழை வாயில் வைத்ததும் தலையை வெட்டி இழுத்தது. அப்போதுதான் உறைத்தது. காது பார்க்கும் கருவியின் கூம்பை வாயின் ஓரமாக விட்டுக் கடைவாய்ப் பற்களைப் பார்த்தேன். கீழ்க் கடைவாயில் இடப்பக்கம் ஒரு பல் முள்ளாக நீண்டு நாக்கின் ஓரத்தைக் குத்திப் புண்ணாக்கியிருந்தது. மேல்வரிசையில் கன்னத்தைப் பார்த்து இரண்டு சிறு முள்.

முயலுக்கு மொத்தம் 28 பல். எல்லாமே ஆயுள் முழுக்க வளர்பவை. முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேலேயே வளரும். கடைவாயைத் தேய்ப்பது கேரட் அல்ல. நார் மிகுந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்னும்போதுதான் அது தேயும். ‘கேரட் கடினமா இருக்கே, பல்லு தேயாதுங்களா?’ என்று பெரியவர் கேட்டார். கேரட்டை இரண்டு கடியில் நொறுக்கி விழுங்கிவிடும், அரைக்கிற வேலையே அங்கே இல்லை.

இரண்டாம் நாள் ராத்திரி எட்டரைக்கு வாட்ஸப்பில் ஒரு படம். சாக்கின் மேல் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏழு புழுக்கை. இரண்டு முடியில் கோத்தபடி. கீழே ‘ஏழு வந்திருக்குங் டாக்டர்’ என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு ஒரு கறவை மாட்டின் கஷ்டப் பிரசவத்தை முடித்துவிட்டு வந்திருந்தேன். அந்த ஏழு உருண்டையும் அதற்குக் குறையாத சந்தோஷம்தான்.

மூன்றாம் நாள் கேட்டமைனும் மிடாசோலமும் கொடுத்து, முகமூடியில் ஆக்சிஜன் வைத்து, பல் முள்களை ராவிவிட்டேன். மயக்க மருந்துக்கு முன்னால் நாயைப் பட்டினி போடுவது போல முயலைப் போடக் கூடாது. வாந்தி வராது என்பதால் அந்த ஆபத்து இல்லை, பட்டினியில் குடல் மறுபடி நிற்கும் என்ற ஆபத்து உண்டு. விழித்த மூன்றாவது மணி நேரத்தில் கொத்தமல்லித் தழை ஒன்றைத் தானாகவே இழுத்துத் தின்றது.

கூண்டைப் பார்க்கப் போனது

வயிறு சரியாகிவிட்டது, பல் ராவியாயிற்று. கேஸை இத்தோடு மூடியிருக்கலாம். ஆனால் அந்த இடது கால் கேள்விக்குறி உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் போனேன்.

அப்பா, அம்மா இருவரும் பனியன் கம்பெனி. முழுப்பரிட்சை லீவுக்குப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள மூலனூரிலிருந்து அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அம்மாயியும் வந்திருக்கிறார்கள். முயலைக் கொண்டுவந்த பெரியவர்தான் அப்புச்சி. மோர் கொடுத்தார்கள். ‘எங்கீங்க கூண்டு?’ என்றதும் மொட்டை மாடியைக் காட்டினார்கள்.

மாடியில் சிமென்ட் ஷீட் இறக்கிய ஒரு மூலை. தெர்மாமீட்டரைக் கூண்டுக்குள் வைத்தேன். 44 டிகிரி. கீழே வீட்டின் வடக்கு வாசல் ஓரத்தில் அதே நேரம் 36. முயலுக்கு 25 வரை சுகம், 30ஐத் தொட்டால் திணறல் தொடங்கும். வெப்பத்தில் தீனி குறையும், நீர் குறையும், குடல் மந்தமாகும். சித்திரையில் கேஸ் வந்ததற்கு அதுவே காரணம்.

பிறகுதான் கூண்டின் தரையைப் பார்த்தேன். நாமக்கல் பக்கம் மூடிய ஒரு முட்டைக்கோழிப் பண்ணையிலிருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தது. இரண்டு அறைக்கு நடுவிலிருந்த கம்பியை வெட்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள். அகலம் இரண்டரை அடி, ஆழம் ஒன்றேகால் அடி. நம் பக்கத்தில் கோழிப்பண்ணைக்குள் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், முட்டைக்கோழிக் கூண்டின் தரை சமமாக இருக்காது. இட்ட முட்டை உருண்டு முன்னால் வந்து நிற்பதற்காகக் கம்பித் தரையைச் சாய்த்தே செய்வார்கள். டேப் வைத்து அளந்தேன். ஒன்றேகால் அடிக்குள் இரண்டு அங்குலம் சரிவு.

ஆழம் பற்றாததால் முயல் அகலவாக்கில்தான் படுக்க முடியும். முன்னால் நின்று பார்த்தால் இடது கோடியில் சுவர், நிழல் அங்கேதான். ஆக, தலை எப்போதும் இடது கோடியைப் பார்த்து. அப்படிப் படுத்தால் முயலின் இடப்பக்கம் முன்சரிவில் இருக்கும். இரண்டு வருடமாக அந்தப் பிராணி சரியாமல் இருக்க இடது பின்னங்காலைக் கம்பியில் ஊன்றிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. கேஸ் தாளில் இருந்த கேள்விக்குறியை அடித்தேன்.

அதற்குப்பின் ஒவ்வொன்றும் தானாகக் கோத்துக்கொண்டது. கால் வலிப்பதால் அசையாது, குனியாது. குனியாததால் மென்புழுக்கை ஒட்டும். அசையாததால் குடலும் மந்தம். புல் இல்லாததால் பல் முள்ளாகும், பல் குத்தினால் தின்னாது. அத்தனைக்கும் மேலே 44 டிகிரி. நான் வயிற்றுக்கு மருந்து கொடுத்தேன், நோய் மொட்டை மாடியில் இருந்தது. கூண்டுக்கு அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கறை வேறு. முயல் தீனியில் உள்ள கால்சியத்தைக் கணக்கில்லாமல் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும் பிராணி. ஓரளவு வெண்மை இயல்புதான், தண்ணீர் குறைந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அது சேறாகத் தங்கும். நல்லவேளை, எக்ஸ்ரேயில் கல் இல்லை.

இதில் அந்த வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாரா வாரம் உழவர் சந்தையில் கேரட்டும் முட்டைக்கோசும் அதற்கென்றே வாங்கியிருக்கிறார்கள். பொட்டுக்கடலை, சாயங்காலம் பிஸ்கட். பாசத்துக்குக் குறைவே இல்லை.

அப்புச்சிக்கு ஒரு சந்தேகம். “ஏனுங்க, எங்க காட்டுல முயலு இந்த வெயில்லதானுங்க கெடக்குது. அதுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. இது மட்டும் ஏனுங்க தாங்காது?”

நல்ல கேள்வி. தமிழில் இரண்டையும் முயல் என்கிறோம், அதனால் வரும் குழப்பம். காட்டு முயல் வேறு இனம். குரோமோசோம் 48. குட்டி போடும்போதே கண் திறந்து, முடியோடு பிறக்கும். வளை தோண்டாது, பகலில் புதர் நிழலில் பதுங்கி இரவில் மேயும், இந்த வெயிலுக்கென்றே ஆனது. வீட்டு முயலுக்கு 44. அதன் பூர்வீகம் ஐரோப்பாவின் ஐபீரியத் தீபகற்பம். குட்டிகள் கண் மூடி, முடியில்லாமல் மண்ணுக்கடியில் பிறக்கும். பகல் வெப்பத்தை வளைக்குள் கழிக்கிற வம்சம் அது. நாம் அதை வளையிலிருந்து எடுத்து மாடியில் வைத்துவிட்டோம். காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பெரியவர் பேச்சை மாற்றினார்.

கொரங்காட்டுப் புல்

தீனியில் முக்கால் பாகத்துக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும், முயலின் உடம்பளவு குவியல் தினமும் முன்னால் கிடக்க வேண்டும் என்றேன். அம்மா போனை எடுத்து இணையத்தில் தேடினார். வெளிநாட்டுப் புல், ஒரு கிலோ பாக்கெட், விலையைப் பார்த்து முகம் சுண்டிப்போனது.

“அப்புச்சி, உங்க காட்டுல என்னங்க புல்லு?” என்று கேட்டேன்.

“கொழுக்கட்டைப் புல்லுதானுங்க. மாட்டுக்குப் போடறது. அதப் போயி...”

அதைத்தான். மூலனூர், தாராபுரம், காங்கேயம் பக்கம் கொரங்காடு என்றால் தெரியாதவர் இல்லை. கிளுவை வேலி அடைத்து, உள்ளே வெள்வேல மரம் நிற்க, கொழுக்கட்டைப் புல் தானாக முளைத்துக் கிடக்கும் மானாவாரி மேய்ச்சல் காடு. காங்கேயம் மாடு வளர்ந்த இடம். காய்ந்தாலும் நார் கெடாத புல். பேத்தி வீட்டு முயலுக்குக் கேரட் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு வருடமும் அந்தப் புல் அப்புச்சியின் வேலிக்குள்ளேயே நின்றிருக்கிறது. கதிர் முற்றும் முன் அறுத்து, பச்சை வாசம் போகாமல் நிழலில் உலர்த்தச் சொன்னேன். பூசணம் பிடித்ததோ மழையில் நனைந்ததோ வேண்டாம். அடுத்த வாரமே இரண்டு சாக்கு வந்து இறங்கியது.

கூடவே தினம் ஒரு பிடி பச்சை: அருகம்புல், கொத்தமல்லி, வேலிமசால் கொஞ்சம். ஸ்டைலோ என்கிற தீவனப் பயிருக்குத் தமிழில் முயல் மசால் என்றே பெயர், அதுவும் கிடைத்தால் போடலாம். குதிரைமசாலும் முருங்கைக்கீரையும் கால்சியம் மிகுந்தவை, வளர்ந்த முயலுக்குக் குறைவாகவே. சவுண்டல் தழை கூடவே கூடாது. அதிலுள்ள மிமோசின் முடியைக் கொட்டவைக்கும். பெல்லட் கிலோவுக்கு 25 கிராம், அதற்கு மேல் இல்லை. பிஸ்கட்டும் பொட்டுக்கடலையும் நிறுத்தம். கேரட் கட்டைவிரல் அளவு, வாரத்துக்கு இரண்டு தரம். பழக்கத்தை ஒரே நாளில் மாற்றினால் குடல் கலங்கும் என்பதால் மூன்று வாரத்தில் படிப்படியாக. முதல் நான்கு நாள் சின்னான் புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொத்தமல்லித் தழையைப் புல்லுக்குள் ஒளித்து வைக்கும் யோசனை பேத்தியுடையது.

மாற்றிய வீடு

வடக்கு வாசல் ஓரம், வேப்பமர நிழலில், தரைமேல். பிரிட்டனின் முயல் நலக்காரர்கள் மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கேட்கிறார்கள். இங்கே இடம் எட்டடிக்கு ஐந்தடிதான் இருந்தது. நீட்டிப் படுக்க, மூன்று தாவல் ஓட, பின்னங்காலில் எழுந்து நிற்க அது போதும். பகலில் வீட்டுக்குள்ளும் விடுகிறார்கள், ஒயர்களை மட்டும் மேலே தூக்கிக் கட்டச் சொன்னேன்.

சுற்றிலும் அரை அங்குல வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை. கோழிவலை நாய்க்கு ஒரு நிமிஷ வேலை, கீரிக்கும் சாரைக்கும் அதுகூட இல்லை. சமமான தரையில் துவைத்த சாக்கு, அதன்மேல் வைக்கோல். ஒரு மூலையில் மணல் தொட்டி. முயல் ஒரே மூலையில் ஒதுங்கும், சுத்தம் செய்வது சுலபம். தண்ணீருக்குக் கனமான மண் சட்டி.

உள்ளே பெரிய மொடா, அதாவது மண்பானை, ஒன்றைப் படுக்கவைத்துப் பாதி மண்ணில் புதைத்தார் அப்புச்சி. வெளிப்பக்கம் மண்ணில் தினம் இரண்டு செம்பு தண்ணீர். நம் பக்கத்து வெயில் வறண்ட வெயில், ஈரமண் நன்றாகக் குளிரும். மதியம் இரண்டு மணிக்கு மொடாவுக்குள் 31 டிகிரி. சின்னான் அதற்குள் போய்ப் படுத்த அன்று பேத்தி அனுப்பிய படத்தில் இரண்டு காது மட்டும் தெரிந்தது.

மேற்குப் பக்கம் தென்னந்தட்டி அடைக்கச் சொன்னேன். ‘வெயிலுக்காகவா?’ என்றார் அப்பா. சாயங்கால வெயிலுக்கும் ஆகும், ஆனால் முக்கியமாக ஆடிக்காற்றுக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளையே சுற்றுகிறது. ராத்திரி முழுக்க அது புழுதியோடு மூக்கில் அடித்தால் முயலுக்குச் சளி பிடிக்கும்.

தூக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தேன். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு. முயலின் எலும்பு இலேசு, பின்னங்கால் தசை முரட்டுத்தனம். அந்தரத்தில் உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.

பின்தொடர்தல்

பதினான்காம் நாள்: எடை 1.94 கிலோ. புழுக்கை கொண்டைக்கடலை அளவு, உடைத்தால் உள்ளே புல் நார். வாலடி சுத்தம். இந்த மாதங்களில் அங்கே அழுக்கு ஒட்டினால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்பதால் தினம் திருப்பிப் பார்க்கும் வேலை பேத்திக்கு.

கால் புண்ணுக்குத்தான் நாளாயிற்று. குளோர்ஹெக்சிடின் கலந்த நீரில் துடைத்து, ஈரம் ஒற்றி, மெத்தென்ற தரையில் விட்டதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வலது கால் நான்கு வாரத்தில், இடது கால் ஏழு வாரத்தில் ஆறியது.

ஆடி இரண்டாம் வாரம் கடைசியாகப் பார்த்தேன். எடை 2.15 கிலோ. கடைவாயில் இடப்பக்கம் மிகச் சிறிய கூர் ஒன்று திரும்பத் தலைகாட்டுகிறது. ஒரு தரம் இப்படி ஆன பல்லை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். நான்கு வயது தாண்டிய பெண் முயல்களில் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம் என்பதால் கருப்பை நீக்கும் அறுவைசிகிச்சை பற்றிப் பேசினோம். வெயில் முழுக்கத் தணிந்து, ஐப்பசியில் என்று முடிவு. இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. பழைய கூண்டு மாடியிலேயே கிடக்கிறது, அதில் அம்மாயி வடகம் காயவைத்திருந்தார்.